செத்த காலேஜும் உடுக்கைத் தோலும்

1

எழும்பூர் மியூசியத்துக்கு நம் எழுத்தாளர்கள் வைத்திருக்கும் பெயர்கள் பல. கலைக்கோயில், காலத்தின் கருவூலம், மௌனத்தின் கூடம் இத்யாதி. சென்னைப் பாமரன் வைத்த பெயர் ஒன்றே ஒன்று: செத்த காலேஜ். 1851ல் கல்லூரிச் சாலையில், கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் அந்த ஸ்தாபனம் தொடங்கியது. 1854ல் பாந்தியன் சாலைக்கு வந்தது. அதன் முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் 1855ல் அதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்துக் காட்டினார். மிருகங்கள் இருந்த இடம் உயிர் காலேஜ் ஆயிற்று. கல்லும் எலும்பும், பாடம் பண்ணி வைத்த பறவையும் இருந்த இடம் செத்த காலேஜ் ஆயிற்று. உயிர் காலேஜ் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், பிறகு 1985ல் வண்டலூருக்கும் போய்விட்டது. செத்த காலேஜ் அதே இடத்தில் இருக்கிறது.

இந்தப் பெயரைச் சொல்லி நம்மவர்கள் சிரிப்பதுண்டு. பாமரனுக்குக் கலை தெரியாது, மியூசியத்தையும் மிருகக்காட்சிசாலையையும் ஒரே தட்டில் வைத்துவிட்டான் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருள் தன் இடத்தையும் உபயோகத்தையும் அதைத் தொட்ட கைகளையும் இழந்து கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்றால் அது செத்துவிட்டது என்பது தெளிவான விமர்சனத் தீர்ப்பு. மியூசியத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட பல கட்டுரைகளில் இல்லாத கறார் இந்த இரண்டு வார்த்தைகளில் இருக்கிறது.

கொஞ்ச காலமாக நம் வட்டத்தில் ஒரு புதுப் பக்தி பரவிவருகிறது. சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூர் போகிறார்கள். வெண்கலக் கூடத்தில் அரைமணி நேரம் நிற்கிறார்கள். திரும்பி வந்து ரூபத்தின் மௌனம், இயக்கத்துக்குள் உறைந்த அசைவின்மை என்று நாலு பக்கம் எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் இந்த நாலு பக்கத்துக்கு அடியில் ஒரு கொள்கை இருக்கிறது. ஒரு கலைப்பொருளைத் தூய்மையாகப் பார்க்க வேண்டுமானால் அதை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள், எங்கிருந்து எப்படி இங்கே வந்தது என்ற கேள்விகளை வாசலில் செருப்போடு சேர்த்து விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் கொள்கை. அந்தக் கேள்விகளெல்லாம் சரித்திரக்காரனுக்கும் சமூகவியல்காரனுக்கும் உரியவை, கலை ரசிகனுக்கு வேண்டியதில்லை என்று சொல்கிறார்கள். அங்கே பழகிய இதே கண்ணோடு கவிதைக்கும் நாவலுக்கும் வருகிறார்கள். இதைப்பற்றி நான் எழுத வேண்டியிருப்பது அதனால்தான். மியூசியம் இவர்களுக்கு விமர்சனப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

2

வெண்கலக் கூடத்தில் ஒவ்வொரு விக்கிரகத்தின் காலடியிலும் ஒரு சீட்டு இருக்கிறது. தெய்வத்தின் பெயர், உலோகம், கிடைத்த ஊர், நூற்றாண்டு. நாலு விவரம். நான் வங்கியில் குமாஸ்தா. பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டாலும் பற்று ஒன்று விழுந்தால் எங்கோ ஒரு வரவு இருந்தாக வேண்டும் என்ற விதி மாறவில்லை. அந்தச் சீட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஒற்றைப் பக்கக் கணக்கு என்றுதான் படுகிறது. வரவு மட்டும் இருக்கிறது. யார் கையிலிருந்து, எதன் பேரில் என்ற பக்கம் காலி.

இந்த விக்கிரகங்கள் பலவும் மண்ணுக்குள் கிடந்தவை. ஏர் ஓட்டுகிறவனும் அஸ்திவாரம் தோண்டுகிறவனும் குளம் வெட்டுகிறவனும் மேலே கொண்டுவந்தவை. 1878ல் வந்த புதையல் சட்டப்படி கண்டெடுத்தவன் தாசில்தாரிடமோ கலெக்டரிடமோ தகவல் கொடுக்க வேண்டும். அங்கிருந்து மியூசியத்துக்கு வரும். ஆக, ஒவ்வொரு விக்கிரகத்துக்கும் குறைந்தது மூன்று கணக்கு இருக்கிறது: வார்த்தவன் கணக்கு, அபாயம் வந்தபோது மண்ணில் புதைத்தவன் கணக்கு, பல நூறு வருஷம் கழித்து மண்வெட்டியால் முட்டியவன் கணக்கு. சீட்டில் மூன்றுமே இல்லை. 1932ல் கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் சேர்ந்து வெளியிட்ட இந்த மியூசியத்தின் உலோகப் படிமங்கள் அட்டவணை இன்றைக்கும் மதிக்கத்தக்க உழைப்பு. சி. சிவராமமூர்த்தி 1942ல் அமராவதிச் சிற்பங்கள் பற்றி எழுதியதும் அப்படித்தான். அந்த அறிஞர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். நம் புதுப் பக்தர்கள் அந்த வேலையையும் செய்வதில்லை. சீட்டில் இருக்கிற நாலு விவரத்தையும்கூட உதறிவிட்டு மௌனத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இவர்கள் அடிக்கடி துணைக்கு அழைக்கும் பெயர் ரோடின். அந்தப் பிரெஞ்சுச் சிற்பி நடராஜரைப் பற்றி எழுதியது 1921ல் அச்சாயிற்று. அவர் இந்தியாவுக்கு வந்தவரல்ல. புகைப்படங்களைப் பார்த்து எழுதினார். அந்தப் புகைப்படங்களில் இருந்தது இந்தச் சென்னை மியூசியத்துத் திருவாலங்காட்டு நடராஜர். வெளிச்சம் விழும் இடம், தொடை, தோள், வயிற்றின் மடிப்பு என்று ஒரு சிற்பியின் கண் பார்க்க வேண்டியதை அவர் பார்த்தார். களிமண்ணில் கை வைத்துப் பிழைத்தவன் அப்படிப் பார்ப்பதற்கு உரிமை இருக்கிறது. ஆனால் ரயிலில் மூன்று நாலு மணி நேர தூரத்தில் இருந்துகொண்டு, அந்த விக்கிரகம் கிடைத்த ஊரைத் தாண்டியே சென்னைக்கு வருகிற நாமும் பாரீஸிலிருந்து புகைப்படம் பார்ப்பவனைப் போலத்தான் பார்ப்போம் என்று பிடிவாதம் பிடிப்பது என்ன மேதாவிலாசம்? ஜோலார்பேட்டையிலிருந்து சென்ட்ரலுக்கு வருகிற வண்டி அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் நடுவே திருவாலங்காட்டைத் தாண்டித்தான் வருகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து ரோடினைப் படித்துக்கொண்டு வருகிறவர் தலையைத் தூக்கிப் பார்த்தாரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரை அந்தக் கூடத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். நாற்பது வருஷம் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய கை. நகங்கள் நகங்களாக இல்லை. திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்றார். திருவாசி இல்லாத விக்கிரகம் அது. ஜடை விரியவில்லை. அதனால் உடம்பு மட்டும் தனியாகத் தெரியும். நான் சீட்டைப் படித்துச் சொன்னேன்.

“அது சரி சார். உடுக்கைக்குக் கட்டிக்கிற தோலு இன்னா தோலு?” என்றார்.

“எல்லாமே வெண்கலந்தாங்க ஐயா” என்றேன்.

“வெண்கலம்னு தெரியுது சார். செஞ்சவன் ஒரு நெச உடுக்கையப் பாத்துத்தானே செஞ்சிருப்பான்? அந்த நெச உடுக்கைக்குத் தோலு இழுத்துக் கட்னவன் ஒருத்தன் இருந்திருப்பான் இல்ல?”

நான் படித்த நடராஜ வியாக்கியானங்கள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. ஆனந்த குமாரசாமியின் பிரசித்தமான கட்டுரையிலிருந்து நம் சிறுபத்திரிகைக் கட்டுரைகள் வரை உடுக்கை என்றால் சிருஷ்டி, நாதம், ஆகாசம். சிருஷ்டியின் முதல் சப்தம் அதிலிருந்து பிறக்கிறது என்று எல்லோரும் எழுதியாயிற்று. சப்தம் பிறப்பது எதிலிருந்து? இழுத்துக் கட்டிய தோலிலிருந்து. செத்த பிராணி ஒன்றை உரித்து, சுத்தம் பண்ணி, நனைத்து, காயவைத்து, சரியான பதத்தில் மரச்சட்டத்தில் ஏற்றிய ஒரு மனிதன் இல்லாமல் அந்த ஆதி நாதம் இல்லை. விக்கிரகம் பேசுகிற தத்துவத்தின் மையத்திலேயே தோல் இருக்கிறது. நம் கலை விமர்சனத்தின் கண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை.

உடுக்கையோடு முடியவில்லை. இந்தத் தெய்வம் இடுப்பில் புலித்தோல் கட்டியவன். யானையை உரித்து ஈரம் காயாத தோலைப் போர்த்துக்கொண்டவன். வேடன் ஒருவன் செருப்புக் காலை முகத்தில் ஊன்றியதை ஏற்றுக்கொண்டவன். நம் சமயக் கதைகள் தோலைப் பற்றிக் கூச்சப்படவே இல்லை. கூச்சப்பட்டது கோயில். தோலைத் தொட்டவனை வெளியே நிறுத்திவிட்டுத் தோல் கட்டிய முழவையும் தவிலையும் உள்ளே வைத்துக்கொண்டது. மியூசியம் கோயிலுக்கு மாற்று என்கிறார்கள். சீட்டு வாங்கினால் எந்த ஜாதிக்காரனும் உள்ளே போகலாம் என்பதில் மாற்றுத்தான், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பார்வையில் கோயில் செய்ததையே மியூசியமும் செய்கிறது. அதைவிட ஒரு படி மேலே போய், நம் ரசிகர் அதற்கு அழகியல் என்று பெயரும் வைக்கிறார்.

சங்கீத விமர்சனத்தில் இது உடைந்துவிட்டது. 2020ல் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிற குடும்பங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் அந்த வாத்தியத்தில் எங்கே எப்படி இருக்கின்றன, அதைச் செய்கிற கைகள் எவை என்று எழுதினார். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைச் சென்னையின் பெரிய கலை ஸ்தாபனம் ஒன்று திரும்பப் பெற்றுக்கொண்டது. உண்மையான கேள்வி எது என்பதைக் கேள்விக்குக் கிடைக்கிற வரவேற்பிலிருந்தும் தெரிந்துகொள்ளலாம். சிற்பத்தைப் பற்றி எழுதுகிற நம்மவர்களுக்கு எந்த அரங்கும் கதவடைப்பதில்லை. அதற்கு வேண்டிய எதையும் அவர்கள் எழுதுவதில்லை.

3

அமராவதிக் கூடத்தை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அதன் கதை ஓரளவு எல்லோருக்கும் தெரியும். அந்த ஸ்தூபத்தின் பலகைகளில் ஒரு பகுதி சுண்ணாம்புக்காகச் சுடப்பட்டுப் போயிற்று. 1845ல் வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவை பல காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. பிறகு லண்டனுக்குக் கப்பலேறி இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இங்கே வந்து தங்கியவற்றைச் சுவரில் சிமெண்டு வைத்துப் பதித்தார்கள். அவற்றைக் கெடுத்தவற்றில் அந்தச் சிமெண்டும் ஒன்று. காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த காரியம். தூய பார்வைக்காரர் அந்தச் சுவர் முன்னால் நின்று புத்தனின் சாந்தத்தை ரசிக்கும்போது சிமெண்டும் சேர்ந்துதான் கண்ணில் படுகிறது. அதைப் பார்க்காமலிருக்க அவர் பழகியிருக்கிறார். பழக்கத்துக்குத் தூய்மை என்று பெயர்.

அதிகமாகப் பேச வேண்டியது கோட்டை மியூசியம். 1948ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கியது. இலக்கியவாதிகள் அங்கே அதிகம் போவதில்லை. பீங்கான், நாணயம், துப்பாக்கி, கவர்னர்களின் எண்ணெய் ஓவியம் என்று கிடப்பதில் ரூபத்தின் மௌனம் எதுவும் கிடைக்காது. ஆனால் உள்ளே கார்ன்வாலிஸின் பெரிய சலவைக்கல் சிலை இருக்கிறது. அதன் பீடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். 1792ல் திப்பு தன் இரண்டு மகன்களைப் பணயமாக ஒப்படைத்த காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். பிரிட்டிஷாரின் கருணையைக் காட்டுவதற்காகச் செதுக்கியது.

இது வரவுப் பக்கம். பற்றுப் பக்கம் சென்னையில் இல்லை, வேலூரில் இருக்கிறது. 1799ல் திப்பு இறந்த பிறகு அந்தக் குடும்பத்தை வேலூர்க் கோட்டைக்குள்தான் வைத்தார்கள். 1806 ஜூலை 10ஆம் தேதி விடியற்காலையில் அந்தக் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். காரணங்கள் பல. உடனடிக் காரணமாக எல்லாச் சரித்திரப் புத்தகமும் சொல்வது புதிய தலைப்பாகை. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகளோடு சேர்ந்து வந்த அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு சின்னம் இருந்தது. இந்துவும் முஸ்லிமும் அதைத் தலையில் வைக்க மறுத்தார்கள். கிளர்ச்சி ஒரே நாளில் நசுக்கப்பட்டது. பிறகு கம்பெனி அந்தத் தலைப்பாகை உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டது. கவர்னர் பென்டிங்கைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

ஆக, உடுக்கையில் சிருஷ்டியாக இருந்த தோல் இங்கே தலைப்பாகையில் தீட்டாக வந்து நிற்கிறது. பின்னாளில் அதே வேலூருக்குச் சுற்றுப்புறம் முழுவதும் தோலால் பிழைக்கப் போகிறது. இந்த மூன்றையும் சேர்த்து யோசிக்க ஒரு மனம் வேண்டும். எந்த மியூசியத்துச் சீட்டும் சேர்த்துக் கொடுக்காது. சேர்ப்பது விமர்சகன் வேலை. பீடத்தின் புடைப்பில் கல்தச்சனின் உளி எவ்வளவு லாகவமாக ஓடியிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த வேலையிலிருந்து தப்பித்துவிடலாம். அந்தத் தப்பித்தலுக்குத்தான் இன்றைக்கு ரசனை என்று பெயர்.

4

சென்ட்ரலில் இறங்கி எழும்பூர் மியூசியத்துக்குப் போகிற வழியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓவியப் பள்ளி இருக்கிறது. 1850ல் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி. ராய் சௌதுரியும் பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். சென்னையின் நவீன ஓவியம் என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அந்த வளாகத்திலிருந்து வந்தது. அதன் முதுகுப்புறம் பெரியமேடு. ராஜதானியின் தோல் மண்டி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் வியாபாரிகள் தோல் விலை பேசிய இடம். இன்றைக்கும் சிடன்ஹாம்ஸ் ரோட்டில் நடந்தால் வாசலெல்லாம் தோல். ஒரு பக்கம் மியூசியம், ஒரு பக்கம் ஓவியப் பள்ளி, நடுவில் தோல் மண்டி. இந்த மூன்றும் ஒன்றை ஒன்று பார்க்காமல் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்திருக்கின்றன. சென்னைக்கு மியூசியம் பார்க்கப் போன எழுத்தாளர்களில் எத்தனை பேர் பெரியமேட்டுக்குள் நுழைந்து வெளியே வந்திருக்கிறார்கள்? மூக்கைப் பொத்திக்கொண்டாவது?

மூக்கு என்றதும் எட்கர் தர்ஸ்டன் ஞாபகம் வருகிறார். 1885லிருந்து இருபது வருஷத்துக்கும் மேல் எழும்பூர் மியூசியத்தின் தலைவர். கருவிகளை வைத்து ஜனங்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். 1909ல் ரங்காச்சாரியின் உதவியோடு தென்னிந்தியாவின் ஜாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். அதே காலத்தில், 1904ல், ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை ராஜதானியில் தோல் பதனிடுவதைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். ஓவியப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த அதே சாட்டர்டன். குரோம் முறையை இங்கே கொண்டுவரப் பாடுபட்டவரும் அவரே. ஒருவர் தோலைப் பற்றி எழுதினார், ஒருவர் தோல் வேலை செய்கிறவனின் மூக்கின் அகலத்தைப் பற்றி எழுதினார். தோல் வேலை செய்கிறவனுக்கு என்ன தெரியும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

அவனுக்குத் தெரிந்தது கொஞ்சமல்ல. ஆவாரம்பட்டையில் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். தொட்டியில் எப்போது புரட்ட வேண்டும், எப்போது புதுப் பட்டைச் சாறு விட வேண்டும், எந்தத் தோல் எந்தத் தண்ணீரில் என்ன நிறம் வரும், கடைசியில் எவ்வளவு கடுக்காய் என்பதெல்லாம் கைக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் தெரிந்த சமாச்சாரம். அந்த அறிவில் பதனான தென்னாட்டுத் தோல் லண்டன் சந்தையில் தனிப் பெயரோடு விற்றது. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனது. குரோம் வந்ததும் வாரங்கள் ஓரிரு நாளாகச் சுருங்கின. எங்கள் பக்கம் இன்றைக்கு டிரம் என்றால் வாத்தியமல்ல. ஆள் உயரத்துக்கு மேல் சுழலும் மரப் பீப்பாய். தோலும் ரசாயனமும் அதற்குள் புரளும். அதுவும் ஒருவகை உடுக்கைதான், அதன் சப்தத்தில் ஊர்கள் பிறந்தன, பணம் பிறந்தது, பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் பிறந்தன. பாலாறும் செத்தது.

அந்தச் சாவுக்கும் தேதிகள் உண்டு. 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது இந்த ஆற்றின் பேரால். சட்டக் கல்லூரிகளில் எங்கள் ஊர்ப் பெயரை அப்படித்தான் படிக்கிறார்கள். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடி இதே ஆற்றைப் பற்றி, ஈட்டுத்தொகை போய்ச் சேராததைப் பற்றி, தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே ஏறத்தாழ இருபத்தெட்டரை வருஷம். இந்த வருஷங்களில் எங்கள் ஜில்லாவிலிருந்து எழுதப்பட்ட நவீன கவிதைகளில் நடராஜர் எத்தனை தடவை ஆடினார், பாலாறு எத்தனை தடவை ஓடியது என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

5

என்ன பதில் வரும் என்று தெரியும்.

முதல் பதில்: அப்படியானால் மியூசியத்தில் தோல் ஷாப்பை வை என்கிறாயா? இல்லை. அரசாங்கம் நாளைக்கே ஒரு தோல் மியூசியம் கட்டினால், ஏர்கண்டிஷன் போட்ட கூடத்தில் ஒரு மரப் பீப்பாயை வார்னிஷ் அடித்து நிறுத்தி, நாற்றமில்லாமல், நாலு விவரச் சீட்டோடு காட்டுவார்கள். எங்கள் பெரியவரின் கையை வார்னிஷ் அடித்து வைக்க முடியாது. எனக்கு வேண்டியது கட்டடமல்ல.

இரண்டாவது பதில் எதிர் முகாமிலிருந்து வரும்: தோழர் இப்போதாவது வழிக்கு வந்தார், இதைத்தானே நாங்களும் சொன்னோம் என்று. மன்னிக்க வேண்டும். முற்போக்குப் பத்திரிகைகளின் தோல் தொழிலாளி எனக்கு நன்றாகத் தெரிந்தவன். முதல் பாராவில் நாறுவான், இரண்டாவதில் இருமுவான், கடைசியில் முஷ்டியை உயர்த்துவான். பச்சைத் தோலுக்கும் உப்புத் தோலுக்கும் வித்தியாசம் அந்தக் கதாசிரியருக்குத் தெரியாது. உழைக்கும் வர்க்கம் என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டு அவரும் நகர்ந்துவிடுகிறார். அதுவும் ஒற்றைப் பக்கக் கணக்குதான், பக்கம் மட்டும் வேறு. தமிழ்ப் பெருமைக்காரர்களும் இதில் சளைத்தவர்களில்லை. 2023ல் கீழடியில் மியூசியம் திறந்தபோது பானை ஓடு நாகரிகமாயிற்று, எழுத்தாயிற்று, இனத்தின் வயதாயிற்று. குயவன் சக்கரத்தைப் பற்றி மேடையில் பேசினவர் எத்தனை பேர்?

மூன்றாவது பதில்தான் கனமானது. கலைப்பொருள் தன் காரணங்களைத் தாண்டி நிற்கிறது. வார்த்தவனும் புதைத்தவனும் தோல் கட்டியவனும் போய்விட்டார்கள், விக்கிரகம் இருக்கிறது. அதை அதற்காகவே பார்ப்பதுதான் மரியாதை என்பது. இதை நான் மதிக்கிறேன். திருவாலங்காட்டு நடராஜரின் தூக்கிய காலைப் பார்த்து எனக்கும் மூச்சு நின்றிருக்கிறது. ஆனால் நடராஜரை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அதே குமாரசாமி, பாஸ்டன் மியூசியத்திலேயே உட்கார்ந்து உத்தியோகம் பார்த்தவர், இந்தப் பொருள்கள் மியூசியத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல, உபயோகத்துக்காகச் செய்யப்பட்டவை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். உபயோகத்தை அறியாமல் ரூபத்தை ரசிப்பது அவருக்கு அரைகுறைப் பார்வை. குமாரசாமியை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பாதியைக் காட்டுவதில்லை.

இதற்கு எங்கள் ஊரிலேயே அத்தாட்சி இருக்கிறது. வேலூர்க் கோட்டையின் ஜலகண்டேசுவரர் கோயில் மிக நீண்ட காலம் மூலவர் இல்லாமல் கிடந்தது. கல்யாண மண்டபத்தில் கம்பெனிக்காரன் ஆயுதம் அடுக்கினான். பிறகு அது தொல்லியல் துறையின் நினைவுச் சின்னமாயிற்று. ஜனங்கள் தூண்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதாவது கோயிலே ஒரு மியூசியமாக இருந்தது. 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் கற்பூரப் புகையும் சிற்பத்தைக் கெடுக்கின்றன என்று வருந்துகிற நண்பர்கள் எனக்கு உண்டு. வருத்தம் நியாயமானது. நான் கோயிலுக்குப் போகிறவனும் இல்லை. ஆனால் அதே தூண்கள் முன்னால் சண்டையும் நேர்த்தியும் கூட்டமும் திரும்பி வந்ததும் அந்தச் சிற்பங்கள் மறுபடி யாருக்கோ எதற்கோ வேண்டியவையாகிவிட்டன. யார் உள்ளே விடப்பட்டார்கள், யார் வாசலில் நின்றார்கள், யாருக்கு முதல் மரியாதை என்ற கேள்விகளும் கூடவே வந்துவிட்டன. உயிர் என்றால் இந்தத் தொந்தரவுகளும் சேர்ந்ததுதான். தூய பார்வைக்காரர் தொந்தரவில்லாத உயிரைக் கேட்கிறார். அது செத்த காலேஜில் மட்டும்தான் கிடைக்கும்.

6

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் சில நூறு பேர். எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. அதனால் உபதேசமாக இல்லாமல் ஒரு நிபந்தனையாகவே சொல்லிவிடுகிறேன். மியூசியத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் போங்கள், வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும். வெண்கலக் கூடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள். திரும்பும்போது பெரியமேட்டு வழியாக சென்ட்ரலுக்கு நடந்து வாருங்கள், தூரம் அதிகமில்லை. அப்புறம் எழுதுங்கள்.

எழுதும்போது சீட்டில் இல்லாத பக்கத்தையும் எழுதுங்கள். கவிதையை விமர்சிக்கிறவர்களுக்கும் இதே நிபந்தனைதான். ஒரு கவிதை எந்த ஊரின் எந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுதப்பட்டது என்று கேட்பது அதை அவமதிப்பதாகாது. கவிதை நல்லதாக இருந்தால் அந்தக் கேள்வியில் அது சாகாது, திருவாலங்காட்டு நடராஜர் எங்கள் பெரியவரின் கேள்வியில் சாகவில்லை. எனக்குத் தெரிந்து அந்த விக்கிரகத்தின் உடுக்கையை அதற்கு முன் யாரும் அவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை.

இனிமேல் இந்தப் பக்கங்களில் நடராஜரைப் பற்றி எழுதுகிறவர் யாராக இருந்தாலும் சரி. மௌனத்தைப் பற்றி ஐந்து பக்கம் எழுதட்டும். உடுக்கையின் தோலைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதட்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் யாரிடம் போய்க் கேட்டார் என்பதையும் எழுதட்டும்.